கனடா பி.ஆர். விண்ணப்பம் எங்கே சிக்கியிருக்கிறது? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

கனடாவில் பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை, கேட்டு விண்ணப்பித்தவர்கள் "ரிஜெக்ட் ஆகிவிட்டது" என்று சொல்லும்போது, நாலைந்து வெவ்வேறு சங்கதிகளை அந்த ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறார்கள். ஒருவருக்கு ப்ரொஃபைலே உருவாகவில்லை. இன்னொருவருக்கு ப்ரொஃபைல் இருக்கிறது, அழைப்பு வரவில்லை. மூன்றாமவருக்கு அழைப்பு வந்து, கட்டணமும் கட்டிய பிறகு, "கோப்பு முழுமையாக இல்லை" என்று திரும்பி வந்துவிட்டது. நான்காமவருடைய கோப்பைத்தான் அதிகாரி ஒருவர் படித்துப் பார்த்து மறுத்திருக்கிறார். நான்குக்கும் தீர்வு வேறு வேறு. ஆனால் பெரும்பாலானவர்கள் நான்குக்கும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: அதே காகிதங்களை மறுபடி அனுப்புகிறார்கள்.

இந்த விஷயத்தில் கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்று, அது உண்டான இடம் வேறு. ஒன்றரை ஆண்டு கழித்து வரும் மறுப்புக் கடிதத்தின் வேர், முதல் நாள் ப்ரொஃபைலில் அவசரமாகத் தட்டிய ஒரு தேதியில் கிடக்கும். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறியிலிருந்தும் பின்னோக்கிப் போகிறேன். பேச்சு முக்கியமாக எக்ஸ்பிரஸ் என்ட்ரியைப் பற்றியது: இணையத்தில் ப்ரொஃபைல் பதிந்தவர்களில் மதிப்பெண் கூடியவர்களை அவ்வப்போது சுற்று வைத்து விண்ணப்பிக்க அழைக்கும் முறை. மாணவர் விசாவும் சுற்றுலா விசாவும் பின்னால் வருகின்றன. எண்கள் 2025 வரையிலான விதிகளின்படி உள்ளவை. கனடா இவற்றை ஆண்டுக்கு ஒரு முறையாவது திருத்துகிறது என்பதால், பணம் கட்டும் முன் கனடா அரசின் குடிவரவுத் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

முதலில் வாசல் சரியா?

எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது ஒரு விசாவின் பெயர் அல்ல. 2015 ஜனவரியில் தொடங்கிய வரிசை முறை அது. அதற்குள் மூன்று திட்டங்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் அனுபவம் பெற்றவர்களுக்கு ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர். கனடாவிலேயே குறைந்தது ஓராண்டு வேலை பார்த்தவர்களுக்குக் கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ். எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்றவர்களுக்கு ஸ்கில்டு ட்ரேட்ஸ். மூன்றாவதன் பெயரைப் பார்த்துத் தொழிலாளர்கள் அதில் போய் மோதுகிறார்கள். அதற்குக் கனடிய முதலாளியின் வேலை உத்தரவோ, அங்குள்ள மாகாணம் தந்த தொழில் தகுதிச் சான்றோ வேண்டும். இங்கிருந்து போகிற எலக்ட்ரீஷியனிடம் இரண்டும் இருக்காது. அவர் முதல் திட்டத்தில் தகுதி பெற முடியுமா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். அவர் தொழில் அதற்கும் பொருந்தும்.

கணவனோ மனைவியோ கனடாவில் பி.ஆர். அல்லது குடியுரிமையோடு இருந்தால் இந்த வரிசையே தேவையில்லை. கணவர் டொராண்டோவில் இருக்க, மனைவி இங்கே ஐஇஎல்டிஎஸ் வகுப்புக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். துணையை ஸ்பான்சர் செய்யும் வழியில் மொழித் தேர்வும் இல்லை, மதிப்பெண் கணக்கும் இல்லை. திருமணம் உண்மையானது என்று காட்டுவதுதான் அங்கே முக்கியம். கியூபெக் மாகாணம் தனக்கென்று தனித் தேர்வு முறை வைத்திருக்கிறது. மான்ட்ரியலில்தான் குடியேறுவேன் என்பவர்களுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி சரியான வழியல்ல.

அறிகுறி: கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னதும் "தகுதி இல்லை" என்று வருகிறது

இங்கே இரண்டு மதிப்பெண் கணக்குகள் குழம்பிப்போகின்றன. ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் திட்டத்தில் உள்ளே நுழைய 100-க்கு 67. உள்ளே போன பிறகு மற்றவர்களோடு போட்டியிட 1200-க்கு எவ்வளவு என்ற சிஆர்எஸ் கணக்கு. முதல் கணக்கில் தோற்றவர்கள் பலர் இரண்டாவதைப் பற்றிய யூடியூப் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

67-ஐ ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். வயது 32, பி.இ. படிப்பு, நான்கு ஆண்டு அனுபவம், ஐஇஎல்டிஎஸ்ஸில் நான்கு பகுதியிலும் 6.0 வாங்கியிருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 12, பட்டத்துக்கு 21, அனுபவத்துக்கு 13, மொழிக்கு 16. மொத்தம் 62. தகுதி இல்லை. அவர் மொழியில் ஒரு படி ஏறினால் 66. மறுபடியும் தகுதி இல்லை, ஒரே ஒரு மதிப்பெண்ணில்! இன்னொரு படி ஏறினால் 70. ஆனால் மனைவி அடிப்படை அளவில், அதாவது கனடிய மொழி அளவுகோலில் 4-ஆம் படி அளவுக்கு, ஆங்கிலத் தேர்வு எழுதித் தேறியிருந்தால் 5 மதிப்பெண் சேரும். 62 அப்படியே 67 ஆகிவிடும். கனடாவில் வசிக்கும் அண்ணன், அக்கா, மாமா, சித்தி போன்ற நெருங்கிய உறவுக்கும் அதே 5 உண்டு; அவர் 18 வயது நிரம்பிய பி.ஆர். அல்லது குடிமகனாக இருக்க வேண்டும். தூரத்துப் பங்காளிகள் கணக்கில் வரமாட்டார்கள்.

கணக்குச் சரியாக இருந்தும் தகுதியில்லை என்று வந்தால் இவற்றைப் பாருங்கள். எழுதியது ஜெனரல் ட்ரெய்னிங்கா, அகாடெமிக்கா? எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு முதலாவதுதான் செல்லும். அகாடெமிக்கில் 8 வாங்கினாலும் பயனில்லை. தேர்வு முடிவு வந்து இரண்டு ஆண்டு கடந்துவிட்டதா? உங்கள் பட்டம் எந்தக் கனடியப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் கல்வி மதிப்பீட்டு அறிக்கையின் எண்ணைப் போட்டீர்களா? அனுபவத்தில் ஓராண்டாவது ஒரே தொழிலில் இடைவெளி இல்லாமல், வாரம் 30 மணி நேரக் கணக்கில் இருக்கிறதா? நீங்கள் தேர்ந்தெடுத்த தொழில் குறியீடு எந்த அடுக்கில் இருக்கிறது? 2022 நவம்பர் 16 முதல் தொழில்கள் 0 முதல் 5 வரை அடுக்கப்பட்டிருக்கின்றன. 4, 5 அடுக்குகளுக்கு இந்த வாசல் மூடியிருக்கிறது.

அறிகுறி: ப்ரொஃபைல் உள்ளே இருக்கிறது, மாதக்கணக்கில் அழைப்பு இல்லை

இது பழுதல்ல, போட்டி. ஆனாலும் கையில் இருக்கும் மதிப்பெண்ணைத் தெரியாமல் கோட்டைவிடுவது பழுதுதான்.

எழுத்துப் பகுதியில் அரை பேண்டு என்ன செய்கிறது என்று பாருங்கள். துணையில்லாமல் விண்ணப்பிக்கிற, இளநிலைப் பட்டமும் மூன்றாண்டுக்கு மேல் அனுபவமும் உள்ள ஒருவர். கேட்டலில் 8, வாசிப்பில் 7, பேச்சில் 7, எழுத்தில் 6.5. எழுத்து 7 ஆகியிருந்தால் நான்கு பகுதியும் 9-ஆம் படியில் இருந்திருக்கும். 6.5 ஆனதால் மொழிக் கணக்கில் போவது வெறும் 8 மதிப்பெண். ஆனால் பட்டத்தையும் மொழியையும் சேர்த்துத் தரும் 25, 13 ஆகிறது. அனுபவத்தையும் மொழியையும் சேர்த்துத் தரும் 50, 25 ஆகிறது. ஆக மொத்தம் 45 மதிப்பெண் அந்த அரை பேண்டில் போய்விட்டது. இன்னொரு முதுகலைப் பட்டத்துக்கு லட்சக்கணக்கில் செலவிட யோசிப்பவர்கள் முதலில் இன்னொரு முறை தேர்வு எழுதிவிடலாம்.

வயது எதிர்த் திசையில் ஓடுகிறது. துணையில்லாதவருக்கு 29 வயது வரை 110 மதிப்பெண், 35-இல் 77, 40-இல் 50, 45-இல் பூஜ்யம். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பதற்கு 30-களில் ஆண்டுக்கு ஐந்தாறு மதிப்பெண் விலை. கணவன், மனைவி இருவரும் படித்தவர்கள் என்றால் யார் முதன்மை விண்ணப்பதாரர் என்பதை இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் யோசிக்காமலே கணவர் பெயர் முதலில் போய்விடுகிறது. மனைவி நான்கு வயது இளையவர், எம்.எஸ்சி., ஆங்கிலமும் நன்றாக வரும் என்றால் அந்த வழக்கத்துக்காக மதிப்பெண்ணைத் தாரைவார்க்க வேண்டியதில்லை.

பொதுச் சுற்றில் வாய்ப்பில்லை என்றால் இரண்டு பக்க வழிகள் இருக்கின்றன. ஒன்று மாகாண நியமனம்: ஒரு மாகாணம் உங்களைத் தனக்கென்று தேர்ந்தெடுத்தால் 600 மதிப்பெண் ஒரேயடியாகச் சேரும். அழைப்பு ஏறக்குறைய உறுதி. மற்றொன்று 2023-இல் தொடங்கிய துறைவாரிச் சுற்றுகள்: மருத்துவம், கல்வி, கட்டுமானத் தொழில்கள், பிரெஞ்சு. இவற்றில் பிரெஞ்சுச் சுற்றின் வெட்டுப்புள்ளி 400-க்கும் கீழே இறங்கியிருக்கிறது. பள்ளியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்த புதுச்சேரிக்காரர்களும் சென்னைக்காரர்களும் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துபோன அந்த மொழியைத் தூசி தட்டலாம். தேவைப்படுவது நான்கு திறனிலும் 7-ஆம் படி. மூன்று மாதத்தில் வந்துவிடும் என்று சொல்லும் வகுப்புகளை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. 2025 மார்ச் 25 முதல் வேலை உத்தரவுக்கு சிஆர்எஸ்ஸில் தரப்பட்ட 50, 200 மதிப்பெண்கள் எடுக்கப்பட்டுவிட்டன. "ஆஃபர் லெட்டர் வாங்கித் தருகிறோம், மதிப்பெண் ஏறும்" என்று இன்றைக்கும் யாராவது விலை சொன்னால், அவர் விற்பது செல்லாத சரக்கு.

அறிகுறி: கல்வி மதிப்பீடு நகரவே இல்லை

நீங்கள் ஸ்கேன் செய்து ஏற்றிய மார்க் ஷீட்டுக்கு மதிப்பீட்டு நிறுவனம் மதிப்புத் தராது. டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து, அவர்கள் முத்திரையோடு, நேராகப் போக வேண்டும். மூடிய உறையை வாங்கி வந்து வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டி அனுப்பினால் அது செல்லாது. பட்டம் கொடுத்தது கல்லூரியா பல்கலைக்கழகமா என்பதையும் சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள். படித்தது மதுரையில் ஒரு கல்லூரியாக இருக்கலாம். பட்டம் தந்தது அது இணைந்திருந்த பல்கலைக்கழகம்.

அறிக்கை ஐந்தாண்டு செல்லும். மருத்துவர்களுக்குப் பொது மதிப்பீட்டு நிறுவனங்கள் ஆகாது; மெடிக்கல் கவுன்சில் ஆஃப் கனடாவிடம்தான் போக வேண்டும். மதிப்பீடு வேறு, தொழில் உரிமம் வேறு என்பதும் நினைவிருக்கட்டும். "உங்கள் பி.எஸ்சி. நர்சிங் கனடியப் பட்டத்துக்குச் சமம்" என்ற காகிதம் பி.ஆர். மதிப்பெண்ணுக்கு உதவும். நர்சாக வேலை பார்க்க, போய்ச் சேரும் மாகாணத்தின் ஒழுங்குமுறை அமைப்பு தனியாக உரிமம் தர வேண்டும். போன பிறகு அதைத் தெரிந்துகொண்டு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலையில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு.

அறிகுறி: பெயர் பொருந்தவில்லை

தமிழர்களின் கோப்புகளில் மட்டும் தனியாக ஒரு பகுதி எழுத வேண்டியிருக்கிறது என்றால் இதற்காகத்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்து உண்டு. அந்த முதலெழுத்து ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வோர் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு கோப்பு எப்படி இருக்கும் என்று பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "செல்வி க". பட்டத்தில் "க. செல்வி". பான் அட்டையில் தந்தை பெயர் விரித்து எழுதப்பட்டு "செல்வி கதிரேசன்". பாஸ்போர்ட்டில் பெயர்ப் பகுதியில் "செல்வி", குடும்பப் பெயர்ப் பகுதி வெறுமை. திருமணத்துக்குப் பின் வங்கிக் கணக்கில் கணவர் பெயரின் முதலெழுத்து. இவ்வளவும் ஒரே ஆள் என்பது நமக்குப் பார்த்தவுடனே தெரியும். ஒட்டாவாவில் கோப்பைத் திறப்பவருக்கு ஐந்து பெண்கள் தெரிவார்கள். இலங்கைத் தமிழர்களுக்குத் தந்தை பெயர் முன்னால் முழுதாக நிற்கும். அங்கே எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்பதே தலைகீழாகிவிடுகிறது.

விதி எளிது: எல்லாம் பாஸ்போர்ட்டைப் பின்பற்ற வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் வெறுமையாக இருந்தால், கனடாவின் படிவத்தில் உங்கள் பெயர் முழுவதையும் குடும்பப் பெயர்ப் பகுதியில் எழுதி, சொந்தப் பெயர்ப் பகுதியை வெறுமையாக விட வேண்டும். பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள், அல்லது முதலெழுத்தை விரித்துத் தாங்களாகவே ஒரு குடும்பப் பெயரை உண்டாக்கிவிடுகிறார்கள். புள்ளி, கோடு, "இல்லை" என்ற சொல் எதுவும் அங்கே போட வேண்டாம்.

இன்னும் எதுவும் தொடங்கவில்லை என்றால், முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டைப் பெயர் பிரித்து மறுவெளியீடு செய்துகொள்வது நல்லது. அதன் பிறகு ஐஇஎல்டிஎஸ், கல்வி மதிப்பீடு, போலீஸ் சான்று எல்லாவற்றையும் அந்தப் பெயரிலேயே வாங்குங்கள். பாதி வழி வந்துவிட்டீர்கள் என்றால் புதிய பாஸ்போர்ட் இன்னொரு பெயரைக் கூட்டத்தில் சேர்ப்பதாகிவிடும். அப்போது இருப்பதை விளக்குவதே மேல். நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரம் ஒன்று, அதில் எல்லா வடிவங்களும் பட்டியலாக, ஒவ்வொன்றும் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்ற குறிப்போடு. கூடவே அரைப் பக்க விளக்கக் கடிதம்: தமிழர் வழக்கத்தில் முதலெழுத்து தந்தையின் பெயரைக் குறிக்கும், அது குடும்பப் பெயர் அல்ல. நம் பண்பாட்டின் பெருமையை விளக்கும் இடம் அதுவல்ல. நாலு வரி போதும்.

அறிகுறி: "வேலை அனுபவம் நிரூபிக்கப்படவில்லை" என்று மறுத்துவிட்டார்கள்

அழைப்புக்குப் பின் வரும் மறுப்புகளில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். எட்டு ஆண்டு உழைத்தது உண்மை. காகிதம் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊர் நிறுவனங்கள் தருவது ரிலீவிங் லெட்டர். "இவர் எங்களிடம் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை சீனியர் அசோசியேட்டாகப் பணிபுரிந்தார். நடத்தை நன்று. எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள்." கனடா கேட்பவை: நிறுவனத்தின் லெட்டர்ஹெட், முகவரி, தொலைபேசி, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், வகித்த ஒவ்வொரு பதவியும் அதன் தேதிகளும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் சலுகைகளும், முக்கியமாக, செய்த வேலைகளின் விவரம். மேலே உள்ள கடிதத்தில் இவற்றில் பாதிகூட இல்லை. வாழ்த்து மட்டும் உபரியாக இருக்கிறது.

அந்த "சீனியர் அசோசியேட்" என்ற பதவிப் பெயரும் ஒரு கண்ணிதான். அது கணக்கராக இருக்கலாம், மென்பொருள் எழுதுபவராக இருக்கலாம், கால் சென்டரில் குழுத் தலைவராகவும் இருக்கலாம். தொழில் குறியீட்டைப் பதவிப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். குறியீட்டின் கீழே உள்ள பணிகளைப் படித்து, தினமும் செய்தது எதோடு பெரும்பகுதி ஒத்துப்போகிறது என்று பாருங்கள். மென்பொருள் பொறியாளர் 21231, மென்பொருள் உருவாக்குநர் 21232 என்று அடுத்தடுத்த குறியீடுகள் இருக்கும்போது, கடிதத்தில் எழுதியிருக்கும் பணிகள்தான் எதில் நீங்கள் சேர்கிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கும். அதற்காக அரசுத் தளத்தில் உள்ள பணிகளின் பட்டியலை வரி பிசகாமல் கடிதத்தில் ஒட்டிவிடாதீர்கள். அதே வரிகளை அதிகாரி தினமும் படிக்கிறார்.

மனிதவளத் துறை "எங்கள் வடிவத்தில்தான் தருவோம்" என்று சாதித்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு நேரடி மேலாளர் பணிகளை விவரித்து எழுதிய கடிதம், நியமன உத்தரவு, பதவி உயர்வுக் கடிதங்கள், பேஸ்லிப், ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக் ஆகியவற்றைச் சேர்த்து, ஏன் நிறுவனக் கடிதம் முழுமையாக இல்லை என்று ஒரு விளக்கமும் எழுதுங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் உள்ள தேதியும் ப்ரொஃபைலில் போட்ட தேதியும் ஒன்றா என்று அனுப்பும் முன் பார்த்துவிடுங்கள். மூடிப்போன நிறுவனமாக இருந்தாலும் இதே வழிதான்.

அறிகுறி: பணம் இருக்கிறது, ஆனால் ஏற்கவில்லை

போய்ச் சேர்ந்ததும் குடியமரும் செலவுக்கென்று கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய பணம், 2025 ஜூலையில் திருத்திய அட்டவணைப்படி ஒருவருக்கு 15,263 கனடிய டாலர், இருவருக்கு 19,001, மூவருக்கு 23,360, நால்வருக்கு 28,362. உடன் வராத மனைவியும் குழந்தைகளும் தலைக்கணக்கில் வருவார்கள்.

"கடைசி நேரத்தில் போட்டுக்கொள்ளலாம்" என்பதுதான் நம் வழக்கம். மச்சான் பத்து லட்சம் அனுப்புவார், ஸ்டேட்மென்ட் எடுத்தவுடன் திருப்பிவிடலாம். வங்கிக் கடிதத்தில் இப்போதைய இருப்போடு ஆறு மாத சராசரி இருப்பும், கணக்கு திறந்த தேதியும், உங்கள் பேரில் உள்ள கடன்களும் இருக்க வேண்டும் என்று விதி கேட்பது இதற்காகத்தான். கடன் வாங்கிய பணம் செல்லாது. மனை, வீடு, அதன் சந்தை மதிப்பு எதுவும் செல்லாது. நகையும் பீரோவில் இருக்கும்வரை பணமல்ல. விற்றுக் கணக்கில் போட்டால் அது பணம், விற்ற ரசீது அதற்கு ஆதாரம். அப்பா தந்தது என்றால் திரும்பக் கேட்காத அன்பளிப்பு என்று பத்திரமும், அவர் கணக்கிலிருந்து வந்ததற்கான தடமும் வேண்டும். ஃபிக்சட் டெபாசிட் எடுக்கக்கூடியதாக இருந்தால் சேரும்.

அறிகுறி: அழைப்புக்குப் பிறகு "கோப்பு முழுமையில்லை" என்று திரும்பியது

யாரும் உங்களை மறுக்கவில்லை. கட்டணம் திரும்பக் கிடைக்கும். அழைப்பு மட்டும் போய்விடும், அதுதான் வலி. அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாள். அதற்குள் வாங்க முடியாத காகிதத்தை அழைப்புக்கு முன்பே வாங்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

காலை வாரிவிடுவது பெரும்பாலும் போலீஸ் சான்று. கடந்த பத்தாண்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும். வளைகுடாவில் சில ஆண்டு இருந்து ஊர் திரும்பியவர்கள் இதில் மாட்டுகிறார்கள். அந்த நாட்டுக்குள் இருக்கும்போது எளிதாகக் கிடைப்பது வெளியே வந்தபின் தூதரகம், கைரேகை, அத்தாட்சி என்று இழுக்கும். அங்கே கடைசியாக வசித்து முடித்த பிறகு எடுத்த சான்று பழையதானாலும் செல்லும் என்பதால், கிளம்பும்போதே ஏற்பாடு செய்துவிடுவது நல்லது. இப்போது வசிக்கும் நாட்டின் சான்று மட்டும் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் 21 முதல் மருத்துவப் பரிசோதனையையும் விண்ணப்பத்துக்கு முன்பே முடித்து ஆதாரத்தைச் சேர்க்க வேண்டும். முன்பெல்லாம் அவர்கள் கேட்டபின் போனால் போதும். பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது புதிய பள்ளம். அரசு பட்டியலிட்ட மருத்துவர்களிடம் மட்டுமே போக வேண்டும். குடும்ப டாக்டரின் சான்று ஆகாது.

அறிகுறி: "உங்கள் தகவலில் எங்களுக்குச் சந்தேகம் உள்ளது, விளக்கம் தருக" என்று கடிதம்

இதை மறுப்பு என்று நினைத்துச் சோர்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள். சம்பிரதாயக் கடிதம் என்று அலட்சியமாகவும் இருக்காதீர்கள். முடிவெடுக்கும் முன் உங்கள் தரப்பைக் கேட்கும் கடிதம் இது. குறிப்பிட்ட கெடுவுக்குள் பதில் போக வேண்டும். தவறான தகவல் தந்தார் என்று தீர்மானித்துவிட்டால் ஐந்தாண்டுத் தடை. அந்த ஐந்தாண்டில் பி.ஆர்.-க்கு விண்ணப்பிக்கவே முடியாது.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் பெரிய மோசடி அல்ல. "உங்களுக்கு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதுண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதிய பதில். எப்போதோ அமெரிக்கத் தூதரகத்தில் இரண்டு நிமிட நேர்காணலில் மறுத்தது, அதைப் போய் எதற்கு எழுத வேண்டும் என்று விட்டிருப்பார்கள். கேள்வி கனடாவை மட்டும் பற்றியதல்ல. மறுக்கப்பட்டது உங்களைக் கெடுக்காது, மறைத்தது கெடுக்கும். பதில் எழுதும்போது கதை வேண்டாம்: என்ன எழுதினேன், ஏன், சரியான தகவல் எது, அதற்கு ஆதாரம் எது. இந்த ஒரு கட்டத்தில் வழக்கறிஞருக்குப் பணம் கொடுப்பது வீண் செலவல்ல.

அறிகுறி: மாணவர் விசாவிலோ சுற்றுலா விசாவிலோ "தங்கல் முடிந்ததும் திரும்பிப் போவீர்கள் என்று நம்பவில்லை"

பெட்டியில் டிக் அடித்து வரும் இந்த வரி காரணம் அல்ல, முடிவு. காரணம் அதிகாரியின் குறிப்பில் இருக்கும். 2022 ஜூலையிலிருந்து, கனடாவுக்கு வெளியே இருப்பவரும் தம்மைப் பற்றிய கோப்பைத் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கட்டணமின்றிக் கேட்டு வாங்கலாம். அதைப் படிக்காமல் மறுபடி விண்ணப்பிப்பதில் அர்த்தமில்லை.

மாணவர்களின் குறிப்புகளில் வழக்கமாக இருப்பது இரண்டு. படிப்பு முன் படித்ததோடு ஒட்டவில்லை: எம்.பி.ஏ. முடித்து ஆறாண்டு வேலை பார்த்தவர் ஓராண்டு டிப்ளமோவுக்குப் போகிறார். இல்லையென்றால், பணம் யாருடையது என்று தெரியவில்லை. 2025 செப்டம்பர் 1 முதல், கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போகத் தனியாக ஒருவருக்கு 22,895 டாலர் காட்ட வேண்டும். விரைவாக முடிவு தந்த எஸ்டிஎஸ் வழி 2024 நவம்பர் 8-இல் மூடப்பட்டுவிட்டது. பின்னால் பி.ஆர். வாங்கும் எண்ணம் இருப்பது குற்றமல்ல. கனடியச் சட்டமே இரட்டை நோக்கத்தை ஏற்கிறது. ஆனால் அனுமதி முடிந்தால் கிளம்பிவிடுவார் என்பதை நம்பவைக்கும் பொறுப்பு உங்களுடையது.

படித்தால் பிறகு வேலை அனுமதி தானாக வரும் என்ற கணக்கும் மாறிவிட்டது. 2024 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்த கல்லூரி டிப்ளமோ மாணவர்கள் அரசு பட்டியலிட்ட துறைகளில் படித்திருந்தால்தான் அந்த அனுமதி. 2025 ஜனவரி 21 முதல் மாணவரின் துணைக்கு வேலை அனுமதி என்பதும் 16 மாதத்துக்குக் குறையாத முதுகலை, முனைவர் படிப்பு, சில தொழிற்படிப்புகள் என்று சுருங்கிவிட்டது. வீட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

அறிகுறி: ஏஜென்ட் போனை எடுக்கவில்லை

முதலில் கேட்க வேண்டியது, கணக்கின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? மின்னஞ்சலும் அவருடையது, பாஸ்வேர்டும் அவருடையது என்றால் உங்கள் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது. ஆனால் பொய்க்குப் பொறுப்பு கையெழுத்திட்ட உங்களுக்குத்தான்.

கட்டணம் வாங்கிக்கொண்டு கனடாவுக்கான விண்ணப்பத்தில் ஒருவரைப் பிரதிநிதிக்கத் தகுதி உள்ளவர்கள் கனடிய வழக்கறிஞர் சங்க உறுப்பினர்கள், கியூபெக் நோட்டரிகள், குடிவரவு ஆலோசகர்கள் கல்லூரியில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் ஆகியோரே. பெயர்தான் கல்லூரி; அது ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. அதன் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பெயரைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. பதிவு பெற்றவர் என்றால் அவர் பெயர் பிரதிநிதிப் படிவத்தில் இருக்கும். "என் பெயர் எங்கும் வராது, நீங்களே போட்டதாக இருக்கட்டும்" என்று சொல்பவரிடம் அப்போதே எழுந்து வந்துவிடலாம். வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க முதலாளி கனடா அரசிடம் வாங்கும் ஒப்புதலான எல்எம்ஐஏவுக்குச் சொல்லும் விலையும் அப்படித்தான். அதன் 1,000 டாலர் கட்டணம் முதலாளி கட்ட வேண்டியது. தொழிலாளியிடம் வசூலிக்கச் சட்டம் இடம் தரவில்லை. நீங்கள் லட்சங்களில் கொடுத்தது எதற்கு என்று கேட்டுப் பாருங்கள்.

பணம் போனது போனாலும் கோப்பை மீட்கலாம். உங்கள் பெயரில் என்ன போனது என்பதை மேலே சொன்ன வழியில் கேட்டு வாங்குங்கள், பிரதிநிதியை நீக்கும் படிவத்தை அனுப்புங்கள், தவறான தகவல் போயிருந்தால் அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே எழுதித் திருத்துங்கள்.

அறிகுறி: எல்லாம் அனுப்பியாயிற்று, ஒரு சத்தமும் இல்லை

பெற்றுக்கொண்டோம் என்ற கடிதம் வந்த பிறகு, மருத்துவம் தேறியது, கைரேகை சேர்ந்தது என்று இடையிடையே தெரியும், மற்றபடி அமைதிதான். எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு அவர்கள் வைத்திருக்கும் இலக்கு ஆறு மாதம். அதற்குள் வாராவாரம் விசாரிப்பதால் ஆவது ஒன்றுமில்லை.

இந்தக் காத்திருப்பில் சொல்லியே ஆக வேண்டியவை சில இருக்கின்றன. வேலை மாறினால், புதிய பாஸ்போர்ட் எடுத்தால், முகவரி மாறினால் இணையப் படிவத்தில் தெரிவியுங்கள். தனியாக விண்ணப்பித்துவிட்டு இடையில் திருமணம் செய்துகொண்டாலும், குழந்தை பிறந்தாலும், தாமதமாகும் என்று பயந்து மறைக்கவே கூடாது. பி.ஆர். உறுதியாவதற்கு முன் அறிவித்துப் பரிசோதனைக்கு உட்படுத்தாத மனைவியையோ குழந்தையையோ பின்னால் குடும்ப வழியில் ஸ்பான்சர் செய்ய முடியாது என்பது பொது விதி, விதிவிலக்குகள் குறுகியவை. அவர்கள் இப்போது உடன் வராவிட்டாலும் பெயர் கோப்பில் இருக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் நடக்க வேண்டும். திருமணத் தேதி குறித்துவிட்டீர்கள் என்றால், திருமணப் பதிவுச் சான்று கைக்கு வந்த அன்றே இணையப் படிவத்தை நிரப்பிவிடுங்கள். விமானமேறுவது இரண்டு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.